இறங்கு ஏலம்

புரேலா துறைமுகத்தில் மீன் ஏலம்
மேலிருந்து கீழே இறங்கும்.
ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு என்று
அமாரோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வர,
முதலில் "எனக்கு" என்பவருக்குப் பெட்டி.
இருபத்தாறு வருடம்.
காய்ச்சலில்கூட ஓர் எண்ணை விழுங்கியதில்லை.

பிப்ரவரியில் மூளையின் இடப்பக்கம்
நூல் மாதிரி ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது.
கண் விழித்தவரிடம் என் பெயர் இல்லை.
ரொட்டி இல்லை, கதவு இல்லை, வலி இல்லை.
வலி இருந்தது. சொல்தான் இல்லை.
ஒரே ஒரு கெட்ட வார்த்தை முழுசாக மிஞ்சியது.
பாதிரியார் பார்க்க வந்த அன்று
மூன்று தடவை வந்தது, மிகத் தெளிவாக.

பேச்சுப் பயிற்சி வியாழக்கிழமைகளில்.
இரியா என்ற பெண் பட அட்டைகளைப் பரப்புவாள்.
சீப்பைக் காட்டினால் "கரண்டி" என்பார்,
தப்பென்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வார்.
மீன் அட்டையை மட்டும் குப்புறக் கவிழ்த்தார்.
"பதில் இல்லை" என்று எழுதிக்கொண்டாள்.
அதுதான் பதில், பெண்ணே, என்றேன்.
பெஸ்காடாவுக்கு முதுகில் இரண்டு துடுப்பு,
உன் படத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

வீட்டில், காபிக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்டேன்.
உதடு கோணியது. நெற்றி வேர்த்தது.
பிறகு எங்கிருந்தோ அந்தப் பழைய குரல்:
ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு,
படிக்கட்டில் உருளுகிற வாளி மாதிரி
நிறுத்தத் தெரியாமல்
ஒன்றில் போய் முட்டி நின்றது.
அழுதார்.
மறுநாளும் அப்படியே.
மூன்றாம் நாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டைத் தொட்டபோது
இடது புருவம் கொஞ்சம் ஏறியது.
மேசையைத் தட்டி "எனக்கு!" என்று கத்தினேன்.
நின்றது.
இரண்டு கரண்டி.

அப்படித்தான் இப்போது வீடு நடக்கிறது.
மாத்திரை எத்தனை, மகன் எத்தனை மணிக்கு வருகிறான்.
நாங்கள் சூதாடுகிறோம் என்று நினைக்கிறாள்
கீழ்வீட்டு ஒப்துலியா.
இது பேச்சில் சேராது,
வாய்க்குப் பழகிய வரிசை என்றாள் இரியா, தயங்கி.
இருக்கலாம். படித்தவள்.
எண்ணில் அடங்காத கேள்விகள்தான் நிறைய:
எங்கே வலிக்கிறது, கனவில் யார் வந்தது,
என்மேல் ஏன் கோபம்.
அதெல்லாம் ஏலத்துக்கே வராத சரக்கு.

நேற்று ராத்திரி மழை, மின்சாரமும் போயிருந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
இருட்டில் அவராகவே ஆரம்பித்தார்,
தொண்ணூறிலிருந்து.
அவ்வளவு உயரத்தில் அவர் தொடங்கி நான் கேட்டதில்லை,
சீசனின் முதல் சூரைக்குக்கூட.
என்ன பெட்டி, எத்தனை கிலோ,
புருவம்கூடத் தெரியவில்லை.
எண்பத்தெட்டிலேயே "எனக்கு" என்றுவிட்டேன்.
விலை ரொம்ப அதிகம்தான்.

வேலை செய்கிற அந்த இடது கை
போர்வைமேல் துழாவி வந்து,
விற்ற பெட்டியில் சீட்டுச் செருகுகிற மாதிரி
என் தோளில் அழுந்தியது.
பிறகு அந்தக் கெட்ட வார்த்தை.
இந்தத் தடவை மெதுவாக.