இருப்பெடுப்பு

நாலு மணிக்கே ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டோம்.
'இருப்பெடுப்பு. கடை இல்லை' என்று
சிவப்பு மார்க்கரால் எழுதி ஒட்டினான் கஜரூபன்.
கடை இருக்கிறது, வியாபாரம்தான் இல்லை என்றேன்.
"மழைக்குள்ள ஆர் அக்கா வாசிக்கப் போகினம்."

முதலில் எண்ணக்கூடியவை.
அரை இஞ்சி எல்போ நூற்றுப் பன்னிரண்டு.
முக்கால் இஞ்சி, பல்லிக்குஞ்சைக் கழித்து, அறுபத்து நான்கு.
பிணைச்சல் எழுபத்து மூன்று.
ஒற்றையில் முடிகிறது பிணைச்சல்.
குருநகரில் எங்கோ ஒரு கதவு
இந்த வருடம் முழுக்க ஒருபக்கமாய் ஆடியிருக்கும்.

ஆணியை எண்ணுவதில்லை, நிறுப்போம்.
தராசு கொஞ்சம் கூடக் காட்டும்,
அது எனக்கும் தெரியும், ஆணிக்கும் தெரியும்.

சீமெந்து பதினேழு மூட்டை.
மூன்று, கார்த்திகை வெள்ளத்தில் கல்லாகிவிட்டன.
கல்லானதை என்ன விலைக்கு எழுதுவது?
கணக்காளர் அருட்பிரகாசம் கொழும்பில் மகள் வீட்டில் நின்றார்,
போனுக்குப் பின்னால் குக்கர் விசில்.
"பூச்சியம் போடுங்கோ பிள்ளை.
அந்தக் கடன் கொப்பியையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ.
வராதெண்டு தெரிஞ்சதை அறவிடமுடியாக் கடனில போடலாம்.
வருமோ வராதோ எண்டதை ஐயக்கடனில."

ஐயக்கடன்.
வர்த்தகப் பிரிவில் பாடமாக்கிய சொல்.
அப்போது அதற்கு முகம் இருக்கவில்லை.
மேசன் டொமினிக், பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது.
வீடு கட்டுவித்தவர் அவருக்கே இன்னும் கொடுக்கவில்லையாம்.
வின்சன்ற், நைலோன் கயிறு, இரண்டாயிரத்து எண்ணூறு.
காலையில் சைக்கிளில் போகிறார்,
கடை வந்ததும் மறுபக்கம் பார்க்கிறார்.
மறுபக்கத்தில் வெறும் மதில்.
பத்து மாதமாய் அந்த மதிலைப் பார்க்கிறார் மனிசன்.
பெயரில்லாமல் ஒன்று: 'சிவப்பு ஹெல்மெற், 450.'
என் கையெழுத்துத்தான்.

கீழ் லாச்சியில், வழமைபோல், அது.
உள்ளங்கை அளவு இரும்பு, இரண்டு துளை, ஒரு வளைவு.
கடையை நான் வாங்கியபோதே உள்ளே கிடந்தது.
மோட்டர் திருத்துபவர்களுக்கும் தெரியாது,
வள்ளம் கட்டுபவர்களுக்கும் தெரியாது.
வருடா வருடம் எழுதுகிறேன்:
'இரும்புச் சாமான், 1, தெரியாது.'
எறிந்த மறுநாள்தான் ஒருவர் வந்து கேட்பார்.

ஒன்பதரைக்கு ஷட்டரில் தட்டல்.
குனிந்தால் நனைந்த இரண்டு கால்கள்,
பக்கத்தில் இரண்டு சின்னச் செருப்புகள்.
"அக்கா, தறப்பாள் ஒண்டு. தகரம் கழண்டிட்டுது.
காசு தை பிறக்கத் தாறன்."
"இருப்பெடுப்பெண்டு போட்டிருக்கு, வாசிக்கேல்லையோ?"
இவ்வளவு நேரமும் அதற்காகவே காத்திருந்தவன் போல
கேட்டான் கஜரூபன்,
கேட்டுக்கொண்டே தறப்பாளை இறக்கினான்.

ஏழு என்று எழுதி அரை மணித்தியாலம் ஆகவில்லை.
வெட்டி ஆறாக்கினேன்.
கொப்பியில் வருடத்தை முடித்துக் கோடு கீறியிருந்தேன்,
கோட்டுக்குக் கீழே இன்னொரு வரி.
பெயர் கேட்டேன்.
"யூட்டின்ர மனிசி எண்டு போடுங்கோ."
உங்கட பெயர்?
கொஞ்சம் யோசித்து, "மெற்றில்டா" என்றாள்.

ஐயக்கடனோ என்று அருட்பிரகாசம் கேட்பார்.
இந்த நேரம் மழை
அந்த நீலத் தறப்பாளில் விழுந்துகொண்டிருக்கும்.
ஐந்தொகையில் அதை எந்தப் பக்கம் வைப்பது,
சொத்தா, பொறுப்பா?

யாகப்பர் கோயில் மணி அடித்தபோது
கூட்டுத்தொகை நாற்பது ரூபாவால் உதைத்தது.
வெளியே சீனவெடி, நனைந்து, பாதிதான் வெடித்தது.
புதிய கொப்பியின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்:
மீதி கீ/கொ/வ.

மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான் கஜரூபன்,
கன்னத்தில் ஒரு வாஷர் ஒட்டியிருந்தது.
அதைச் சேர்த்து எண்ணினோமா
என்று யோசித்துக்கொண்டு
அவனை எழுப்பாமல் இருந்தேன்.