ஒரே ஒரு கட்டம்

டண்டீ நகர ஆவணக் காப்பகத்தின் நிலவறை.
பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்.
ஆள் அசையாமலிருந்தால்
நான்கு நிமிடத்தில் விளக்கு தானே அணையும்.
மூடிய சணல் ஆலை ஒன்றிலிருந்து வந்த
பதினான்கு அட்டைப் பெட்டிகளைப் பிரித்து
மனிதர்களை வகை பிரிக்கிறாள் ரோனா மெல்டிரம்.

திரையில் ஒரு கட்டம், அதில் இரண்டு தேர்வு:
தொழிலாளர் தலைவர்.
தொழிற்சங்கவாதி.
இரண்டையும் தொட்டால் கட்டம் சிவக்கும்.

விதிக்குறிப்பு ஒரு பக்கம்தான்.
வழிநடத்தியவர் முதல் வகை.
சங்கத்தில் இருந்து உழைத்தவர் இரண்டாம் வகை.
ஐயம் எழுந்தால் மேற்பார்வையாளரைக் கேட்கவும்.
மேற்பார்வையாளர் பிரசவ விடுப்பில்.

ஆர்ச்சிபால்ட் கின்மன்ட் எளிது.
பதினோரு ஆண்டு சங்கத் தலைவர்.
ஒன்பது புகைப்படம், ஒன்பதிலும் நடு நாற்காலி.
வேலைநிறுத்தம் நடந்த ஐந்து வாரமும்
கூட்டக் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு நேரே
‘உடல்நலக் குறைவு.’
அதே நாட்களின் ரசீது ஒன்று கோப்பில் செருகியிருக்கிறது:
ஆர்ப்ரோத் கடற்கரை விடுதி, இருவருக்கு,
புகைபோட்ட மீன் தனிக் கணக்கு.
விதி ரசீதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
தலைவர் என்று அழுத்துகிறாள்.
பச்சை.

அடுத்து யூஃபீமியா லோனி, நெசவாளி.
அறுநூறு தறி ஓடும் கூடத்தில்
இருபது வயதுக்குள் காது போய்விடும்.
பெண்கள் உதடு பார்த்துப் பேசினார்கள்,
தூரமென்றால் கையால்.
வாரக்கூலியில் ஒரு ஷில்லிங் குறைப்பு என்று
அறிவிப்பு ஒட்டிய காலையில்
தன் தறியை நிறுத்திவிட்டு இவள்
ஏப்ரனை அவிழ்த்துத் தலைக்குமேல் சுற்றினாள்.
வரிசை வரிசையாகத் தறிகள் நின்றன.
‘சத்தம் நின்றதும் எனக்குப் பயமாக இருந்தது’ என்று
கண்காணி எழுதி வைத்திருக்கிறான்.

சங்கம் அனுமதிக்காத வேலைநிறுத்தம்.
நீக்கக் கடிதம் பத்திரமாக இருக்கிறது.
சேர்ந்ததற்குத்தான் சீட்டு இல்லை.
உறுப்பினரே அல்லாத ஒருத்தியை
முறைப்படி நீக்கியிருக்கிறார்கள்,
கின்மன்ட் கையொப்பத்தோடு.

இதைத் தமிழில் எழுதும் எனக்கு வேறொரு தொல்லை.
தலைவர் என்பதைப் பெண்ணாக்கினால் தலைவி வருகிறாள்,
வளை நெகிழ, மாலைப் பொழுதில்,
போனவன் வருவானா என்று பார்த்தபடி.
யூஃபீமியா யாருக்காகவும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.
இன்னொரு சொல்லின் வாலிலோ ஒரு வாதி நிற்கிறான்,
நீதிமன்றம் திறக்கட்டும் என்று.

பதினோராம் பெட்டியில் ஒரு சந்தாப் புத்தகம்.
டவீனா ஸ்ட்ராக்கன், வசூலிப்பவர்.
இருபத்தாறு ஆண்டு வெள்ளிக்கிழமைகள்,
நான்கு மாடிப் படிகள், ஆளுக்கு இரண்டு பென்னி.
மேடையில் ஏறியதாகக் குறிப்பில்லை,
படம் ஒன்றுகூட இல்லை.
ஓரத்தில் பொடி எழுத்து:
பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த வாரம்.
புருஷன் பிடுங்கிக்கொண்டான்.
கதவு திறக்கவில்லை, உள்ளே இருமல் கேட்டது.
சில பெயர்களுக்கு நேரே மட்டும்:
நான் போட்டேன்.

ரோனா பக்கம் புரட்டுகிறாள்,
ஏதோ வீட்டுக் கணக்கைப் பார்ப்பதுபோல.
நீக்கக் கடிதத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை:
யூ. லோனி, இரண்டு பென்னி, நான் போட்டேன்.
அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி,
வேறு மையில், ஒரு முறை பென்சிலில்,
மூன்று ஆண்டு நான்கு மாதம்.
‘அவளிடம் சொல்லவில்லை’ என்று ஒரே ஒரு இடத்தில்.
பிறகு பெயர்மேல் ஒரு கோடு,
பக்கத்தில் கனடா என்ற சொல்.

யாரை எதில் போடுவது?
சுட்டி முதல் தேர்வின்மேல் நிற்கிறது,
கீழே இறங்குகிறது,
மறுபடி ஏறுகிறது.
டவீனாவுக்கு இரண்டாம் வகைதான், யார் மறுக்கப்போகிறார்கள்.
ஆனாலும் விரல் அழுத்தவில்லை.
எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ,
விளக்கு அணைந்துவிட்டது.

இருட்டில் திரை மட்டும், அதில் வெறும் கட்டம்.
ரோனா எழவில்லை.
கையைத் தலைக்குமேல் தூக்கி
இரண்டு முறை வீசினாள்.