யூனிற் பூச்சியம்

இந்த ரவுணில் எந்த வீடு வெறுமையாய்க் கிடக்கிறதென்று
புறோக்கர் சீலனுக்கு முன்னமே எனக்குத் தெரியும்.

கனகபுரத்தில் மாபிள் படி வைத்த மேல்வீடு,
போன மாதம் 2214. இந்த மாதமும் 2214.
உதயநகரில் பச்சைக் கேற்:
மீற்றர்ப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டி
அதுவும் விட்டுப் போய்விட்டது.
திருநகரில் ஒன்று, மாதம் மூன்று யூனிற்,
முன் லைற் மட்டும்.
பகலிலும் எரியும், நூர்க்க ஆளில்லை.

பில்லை மடித்துக் கேற்றுக்குள் செருகுவேன்.
போன மாதத்தது, அதற்கு முந்தினது,
மழை குடித்து ஒட்டிக் கிடக்கும்.
ஒரு பில்லுக்கு இவ்வளவென்று கூலி.
ஆள் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும்
ஒரே காசு.
அந்தளவில் நீதிதான்.

நாங்கள் இருக்கிற அறைக்கு
ஆனி முடியமட்டும் தவணை.
வீட்டுக்காரரின் மகள் ஜேர்மனியிலிருந்து வருகிறாளாம்,
மூன்று கிழமைக்கு.
"பேரப்பிள்ளையளுக்கு ஏசி பூட்டோணும் தம்பி,
குறை நினைக்காதையுங்கோ."
சுகிர்தா ஒன்றும் சொல்லவில்லை.
அரிசி வாளியைக் கவிழ்த்துக் கழுவி
வெயிலில் வைத்தாள்.

சீலன் காட்டியது ஆறு இடம்.
முதலாவது பன்னிரண்டாயிரம், ஒரு வருச அட்வான்ஸ்,
அவனுக்கு ஒரு மாத வாடகை கொமிசன்.
நான் பெருக்கிப் பார்க்கவில்லை,
இலக்கம்தான் என் தொழில் என்றாலும்.
இரண்டாவதில் நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்,
திறப்பு வீட்டுக்கார அம்மாவின் இடுப்பில்.
மூன்றாவது, நாங்கள் கேற்றில் நிற்கையிலேயே
ஒரு பாங்க்காரருக்குப் போய்விட்டது.
நாலாவதில் தேத்தண்ணி தந்தார்கள்.
பிள்ளையைத் தூக்கினார்கள். பத்தாயிரம் என்றார்கள்.
பிறகு, "சொந்த இடம் எது?"
இங்கைதான், கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தனான்.
"அப்பா?"
அப்பா பதுளைப் பக்கம். எழுபத்தேழில் வந்தவர்.
அந்த அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.
திரும்பி வருகையில் வாடகை பதின்மூன்று.
ஐந்தையும் ஆறையும் எழுத மனமில்லை.

(வீட்டுத்திட்டம் கிடைக்கேல்லையோ என்று கேட்பவர்களுக்கு:
வீட்டுக்குக் காணி வேணும், காணிக்குப் பேமிற் வேணும்,
பேமிற்றுக்கு அப்பா வரிசையில் நின்றார்.
வரிசை இன்னும் நிற்கிறது.)

திருநகர்ப் பில்லின் முதுகில்
என் நம்பரை எழுதிச் செருகினேன்.
சட்டப்படி அது பிழை.
இரவு பதினொன்றுக்கு சூரிச்சிலிருந்து அழைப்பு.
"வீட்டுக்குள்ளை ஆக்களை விட்டால்
பிறகு எழுப்பேலாது தம்பி.
பின்னுக்கு மோட்டர்க் கொட்டில் இருக்கு, சீற் பழுதில்லை.
வாடகை ஒண்டும் வேண்டாம், இருங்கோ.
மாமரத்துக்குத் தண்ணி.
ஆறு மணிக்கு முன் லைற்றைப் போட்டு விடுங்கோ,
ஆள் இருக்கிறமாதிரி இருக்கோணும்."

சுகிர்தா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
"ஆள் இருக்கிறமாதிரி," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.
அடுத்த ஞாயிறு லாண்ட்மாஸ்ரரில் சாமான் ஏற்றினோம்.

கொட்டிலுக்குள் மோட்டர் ஒரு மூலை, நாங்கள் மூன்று மூலை.
தண்ணி இறைக்கையில் பாய் நடுங்கும்.
மதுரிகா அதற்கு வண்டு என்று பேர் வைத்திருக்கிறாள்.
பெரிய வீட்டில் ஐந்து அறை.
கூட்டுவதற்கு மட்டும் திறப்போம்.

இந்த மாதமும் அந்த ஒழுங்கையால் வந்தேன்.
பழக்கதோசத்தில் கேற்றில் நின்று "பில்!" என்றேன்.
பின்வளவிலிருந்து மதுரிகா ஓடிவந்து
இரண்டு கையாலும் வாங்கினாள்.

இரவு சூரிச் கூப்பிட்டது.
"மூண்டு யூனிற் வாற வீடு தம்பி,
இதென்ன பத்தொன்பது?
மீற்றர் பிழையோ?"

கணக்குச் சரி அண்ணை, என்றேன்,
நான்தான் வாசிச்சனான்.