சைனாச் சண்டை – 14

மல்லாவிச் சந்தி, சைக்கிள் திருத்தும் கடை.
பழைய டியூப் கிடந்த பெட்டிக்குள் இருந்தது கசற்.
லேபலில் நீலப் பேனை: "சைனாச் சண்டை – 14".

இதற்காகத்தான் வவுனியாவில் பஸ் மாறி
டெக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஓடிய ஊர்களில் ஒரு கிழமை தாண்டாத படம்.
கதாநாயகனுக்கு ஒரு கண்தான்.
என் கொப்பியில் கடைசிச் சண்டை இல்லை,
லிஸ்பனில் வைத்திருப்பவனிடமும் இல்லை.

பூஞ்சணத்தைப் பஞ்சால் துடைத்து ஓடவிட்டோம்.
மூங்கில் பாலத்தின் நுனியில் நின்று
ஒற்றைக்கண்ணன் எகிறினான் –
கோடு. இரைச்சல். பிறகு
ஒரு சாமத்தியவீடு.
தறப்பாள் பந்தல், ஜெனறேற்றர் சத்தம்,
பலகாரத் தட்டோடு வரிசையாகப் பெண்கள்,
மாலைக்குள் தலை குனிந்து
சிரிப்பை அடக்கமுடியாமல் ஒருத்தி.

"அழிச்சுப்போட்டாங்கள்" என்றேன்.
வாய் தவறித்தான்.

பஞ்சாட்சரத்தாரின் கையில் கிறீஸ்.
"அண்டைக்கு வேற கசற் கிடைக்கேல்லை" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"தங்கச்சி."

பதினொரு நிமிடம்.
பிறகு சீன எழுத்து மேலே ஏற, படம் முடிந்தது.

விலை பேசவில்லை.
பின்னுக்குச் சுற்றினேன்.
அவர் ஸ்டூலை முன்னே இழுத்துப் போட்டார்.
"உவன் பாய்ஞ்சவன்,
எங்க போய் விழுந்தவன், தம்பி?"

எனக்கும் தெரியாது என்றேன்.