கிலோ கணக்கு

பெல்ட் ஓடத் தொடங்கியதும்
மட்டக்குளியின் நேற்றைய சாப்பாடு முழுவதும்
என் முன்னால் வரும்:
கறி வடியும் லஞ்ச் சீட்,
பாதி குடித்த மாம்பழச் சாறு,
யோகட் கோப்பைகள்
வாய் பிளந்து, வரிசை குலைந்து.

போன வருசம் வரை
கோப்பையை நான் தொடமாட்டேன்.
ஒரு கிலோ சேர இருநூறு வேண்டும்.
இருநூறு தரம் குனிந்தால் கிடைக்கிற காசு
ஒரு பிளேன்டீக்குக் காணும்.
தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு
மற்றதை லொறிக்கு விட்டுவிடுவேன்.
குப்பை என்பது வேறொன்றுமில்லை,
குனியும் கூலிக்குக் கட்டாத சாமான்.

பிறகு மெஷின் வந்தது.
ஒரு கமரா, நாலு கை,
கை நுனியில் கறுப்பு றப்பர் உறிஞ்சி.
நிமிடத்துக்கு எழுபது கொத்து,
காலிமுகத்திடல் காகம்போல,
ஆனால் கத்தாது.
முதுகே இல்லாத ஒன்று குனியத் தொடங்கியபோது
கோப்பைக்கும் விலை வந்தது.

முதல் வாரம் அது படு முட்டாள்.
எங்கோ குளிர்நாட்டுக் குப்பையில் படித்து வந்ததாம்.
தம்பிலிக் கோம்பையைப் பந்து என்றது.
லஞ்ச் சீட்டைக் கண்டு திகைத்துத்
'தெரியவில்லை' என்று சிவப்பில் எழுதியது.
வெசாக் முடிந்த மறுநாள்
மழையில் ஊறிய கூடுகள்
ஈர்க்கும் வண்ணக் கடதாசியுமாய் வர
ஒரேயடியாய் நின்றுவிட்டது.

இஞ்சினியர் இசுரு என்னிடம் வந்தான்.
இரண்டு வெள்ளைக் கோப்பை, பார்வைக்கு ஒன்றேதான்.
எப்படிப் பிரிக்கிறீர்கள் என்றான்.
நகத்தால் சுரண்டிக் காட்டினேன்.
ஒன்று கீச்சிட்டது.
மற்றது வாய் திறக்கவில்லை.
இன்னொரு தரம் என்று
ஃபோனைக் கிட்ட நீட்டினான்.

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"கிலோ என்ன விலை?"
எது, என்றான்.
"சத்தம்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
பதினொரு வருசமாய் எல்லாம் கிலோவில் விற்றவள் நான்.
தகரம், போத்தல், செம்புக் கம்பி,
நனைந்த கடதாசிக்குப் பாதி விலை.
இந்தக் காது எத்தனை கிலோ என்று
உங்கள் தராசில் வைத்துப் பாருங்கள் தம்பி.

பௌசியா கையுறையைக் கழற்றினாள்.
இக்னேசியா அக்கா கழற்றினா.
பிறகு மற்ற நாலு பேர்.
ஆளில்லாமல் பெல்ட்
கொஞ்ச நேரம் தன்பாட்டில் ஓடியது.

இப்போது எனக்கொரு கதிரை.
திரையில் வரும் படங்களுக்குச் சதுரம் போடுகிறேன்,
சதுரத்துக்கு மூன்று ரூபா,
கடிதத்தில் கையெழுத்தோடு.
ஏழு பேருக்கு இரண்டு கதிரைதான் வந்தது.
பௌசியா முகத்துவாரத்தில் மீன் வெட்டுகிறாள்.
பஸ்ஸில் கண்டால் பிள்ளைகளைச் சுகம் கேட்பாள்.
கதிரையைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.

நேற்றுச் சாப்பிட்டு முடித்து
என் லஞ்ச் சீட்டை விரித்தபடி பெல்ட்டில் போட்டேன்.
கமரா பார்த்தது:
சம்பல் கறை, பருப்பு,
என் விரல் வழித்த நாலு கோடு.
'லஞ்ச் சீட், தொண்ணூற்றாறு வீதம்'
என்று பச்சையில் எழுதி
மெல்ல உறிஞ்சி எடுத்து
அதற்குரிய தொட்டியில் போட்டது.

மீதி நாலு வீதம்
அதை என்னவென்று நினைத்ததோ.
கேட்க ஒரு பொத்தானும் இல்லை.