மூக்குத்திக்கு மூன்று வயது

சோடா டின்களின் திறப்பு வளையங்கள்
பதினோராயிரம்.
இரண்டு வருடம் உட்கார்ந்து ரம்சீன் கோர்த்த கவசம்.
முதல் நாள் அதை லாயத்து ஆணியில் தொங்கவிட்டு
வீட்டுக்குப் போனோம்.
முகத்துவாரத்துக் கடற்காற்றுக்கு
வேலை சொல்லித்தரத் தேவையில்லை.

இரவு முழுக்கக் கிலுகிலுத்திருக்கிறது.
காலையில் தவிடு வைத்தது வைத்தபடி.
மூன்றாம் நாள் கவசத்தின் விளிம்பை
நக்கிப் பார்த்தாள்.
உப்பு.

இடது நாசிக்கு மேலே ஒரு வெள்ளைப் பொட்டு,
அதனால் மூக்குத்தி.
வேகம் போதாதென்று
நுவரெலியாவில் தள்ளிவிட்ட குட்டி.
கூட வந்த ஆணுக்குப் பெயர் லொறி:
லொறியிலிருந்து இறங்க மாட்டேனென்று
நாலு மணி நேரம் நின்றதால்.

கோட்டே அரசன் காலத்துப் போர்
காலிமுகத்திடலில் மறுபடி நடக்க
ஐந்து மாதம் இருந்தது.
பறங்கிப் படையில் பதினான்கு பேர்,
அரசன் பக்கம் பன்னிரண்டு,
இரு தரப்புக்கும் சேர்த்துக் குதிரை இரண்டு.
முதுகுத் துணியை மாற்றினால்
கட்சி மாறிவிடும்.

முதலில் பத்துக் கிலோ அரிசி மூட்டை.
பிறகு இருபத்தைந்து.
பிறகு மூட்டை போலவே குறுக்கே கவிழ்ந்து நான்,
ஒரு பக்கம் கால், மறுபக்கம் தலை,
அவளுடைய விலாவுக்குள் பெரியதொரு துருத்தி.
எங்களில் எடை குறைந்தவள் நான் என்பதால் நான்.
தைரியம் வேறு கணக்கு.

வாளுக்கு அவள் பயப்படவில்லை.
வாள் என்றால் என்னவென்று
யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.
பயந்ததெல்லாம்
மதிலில் சிக்கியிருந்த போன வருட வெசாக் கூட்டின்
கடதாசி வாலுக்கு.
அதைக் கழற்றி வந்து
வாளியில் கட்டி, வேலியில் கட்டி,
கடைசியில் என் கொண்டையில் கட்டிக்கொண்டு
ஒரு வாரம் நடந்தேன்.
ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.
அதற்கும் பழகினாள்.

தலைக்கவசம் மாட்டியதும்
ரம்சீன் காணாமற்போனான் அவளுக்கு.
கழற்றினால் இருந்தான்.
மாட்டினால் இல்லை.
நாற்பது தடவை இறந்து பிறந்தபின்
இரும்புக்குள்ளும் அவன் வியர்வையை
மணந்து கண்டுபிடித்தாள்.

வெடி, புகை, முரசு, தீப்பந்தம்
எல்லாம் முடிந்தது.
எஞ்சியது றெஜினோல்ட்.

துறைமுகத்தில் இரவு வேலை அவனுக்கு.
பிணமாகப் படுக்கச் சொன்னால்
உண்மையாகவே தூங்கிவிடுவான்.
அவனைப் பாய்ந்து கடக்க வேண்டும் அவள்.
வருவாள், நாலு முழத்தில் நிற்பாள்,
குனிந்து அவன் தலைமயிரில் மூச்சு விடுவாள்.
குதிகாலால் அழுத்தினேன்.
காது பின்னால் மடங்கியதே தவிர
குளம்பு பெயரவில்லை.

"கண்ணுக்குப் பட்டை கட்டு," என்றார் அகலங்க,
"பக்கத்தில் கிடப்பது தெரியாவிட்டால் ஓடும்."
தோல் பட்டையை அவரே வாங்கியும் வந்தார்.
நல்ல தோல். விலை கூடியது.

ஏழு வயதில், வெள்ளவத்தை பஸ்ஸில்,
யன்னலோரம் இருந்த என் கண்ணை
அம்மா சட்டென்று பொத்தினாள்.
அவளுடைய விரல்களில் வெங்காயம் மணத்தது.
விரலிடுக்கில்
தார் ரோட்டில் தனியாய் ஒரு செருப்பு.
பஸ் நிற்கவில்லை.
யாரும் மணி அடிக்கவில்லை.

பட்டையைப் பையில் போட்டேன்.
மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காலிமுகத்திடல். இறால் வடை எண்ணெய் வாசம்,
புகைக்கு மேலே யாரோ விட்ட பட்டம்.
பறங்கி வரிசையைப் பிளந்து போனாள்,
வெடியை, கொடியை, சனத்தின் கூச்சலை
மழையைப் போல நனைந்து கடந்தாள்.
பிறகு றெஜினோல்ட் விழுந்தான்.

நின்றாள்.
நெறியாளர் ஒலிபெருக்கிக்குள் ஏதோ சொன்னார்.
எனக்குப் பின்னால் ஓங்கிய வாள்கள்
என்ன செய்வதென்று தெரியாமல்
ஓங்கியபடியே.
அவள் குனிந்து அவன் காதுக்குள் ஊத,
பிணம் கூசிச் சிரித்தது.
முன் வரிசைப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தனக்குத் தோன்றியபோதுதான்
அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்,
கால் வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து.
கடிவாளம் என் கையில்
சும்மா கிடந்தது.

இரவு பத்தரைக்கு
லொறியில் ஏற மாட்டேன் என்றது லொறி.