பெருக்கலும் வட்டமும்

ஜெலுத்தோங் சந்தையில்
மூடியோடு ஒரு மீன் பெட்டி கேட்டேன்.
இரண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு
ஐஸ் வேண்டாமா என்றான் ஆ ஹுவாட்.
வேண்டாம், சூடு வைக்கப் போகிறேன்.

மூன்று நாள் வெயிலில் காயவைத்தும்
மீன் வாசம் போகவில்லை.
லோகேந்திரன் துளை போட்டான்.
ஒரு பல்பு, பழைய கணினியின் விசிறி,
முப்பத்தேழரையில் தானே அணையும் ஒரு கருவி.
உள்ளே பார்க்கக் கண்ணாடி வேண்டியிருந்தது.
சட்டத்திலிருந்து கழற்றினோம்.
எங்கள் கல்யாணப் படம் இப்போது
அரிசி டின்னின் மேல் மல்லாந்து கிடக்கிறது.

பாலேக் பூலாவிலிருந்து பதினான்கு வாத்து முட்டை.
உப்பு முட்டை போடும் பீ லெங் சிரித்தாள்:
பதினொன்றாம் மாடியில் எங்கே நீந்தும்?
பொரிந்ததும் உன்னிடமே வரும், பாதி உனக்கு.

வாத்துக்கு இருபத்தெட்டு நாள்,
கோழிக்கு இருபத்தொன்று.
ஒரு வாரம் பொறுத்துக்
கோழி முட்டை எட்டைப் பக்கத்தில் வைத்தோம்.
கணக்குப்படி எல்லாரும்
ஒரே நாளில் கதவைத் தட்ட வேண்டும்.

பென்சிலால்
ஒரு பக்கம் பெருக்கல், மறு பக்கம் வட்டம்.
நாளுக்கு மூன்று தடவை திருப்ப வேண்டும்;
இரட்டைப்படை கூடாது,
நீண்ட இரவு ஒரே பக்கத்தில் விழும்.
வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை,
தூங்கி எழுந்ததும் ஒரு தடவை நான்.
நான் பஸ் ஏறிய பின்
லோரியை நிறுத்திவிட்டு வந்து அவன்.
திருப்பியதும் போனில் ஒரு குறி அனுப்புவான்.
×
மறுநாள்
○
வேறொன்றும் எழுதமாட்டான்.

பாயான் லெப்பாஸில் எனக்கு வெள்ளை உடுப்பு.
முடி தெரியக் கூடாது, மூச்சுக்கும் உறை.
இருபத்திரண்டு டிகிரி, ஈரம் நாற்பத்தைந்து.
ஒரு தூசி விழுந்தால் ஒரு தட்டு சில்லும் குப்பை.
வீட்டிலோ
ஈரப் பஞ்சு, மீன் வாசம், யாரோ கோழி போட்ட எச்சத்தின் கறை.
ஓட்டைத் துடைக்கக் கூடாதாம்,
அதற்கென்று ஒரு மெல்லிய பூச்சு உண்டாம்.

பதினைந்தாம் இரவு எனக்கு விடுப்பு.
விளக்கணைத்து, போன் வெளிச்சத்தை
ஓட்டில் ஒட்டிப் பார்த்தோம்.
சிவப்பு நூல்கள். ஒரு கறுப்புப் புள்ளி
வெளிச்சத்தை விட்டு நகர்ந்தது.
தூங்கவிடு, என்றான் லோகேந்திரன்,
முட்டையிடமா என்னிடமா தெரியவில்லை.
வாத்தில் மூன்று, கோழியில் ஒன்று
வெறும் மஞ்சள்.

இருபத்தைந்தாம் நாள்.
இனித் திருப்பக் கூடாது.
மூடியைத் திறக்கவும் கூடாது.
அன்றிரவு ஓய்வறையில் போனை எடுத்தேன்.
ஒரு குறியும் இல்லை.
கேஸ் தீர்ந்துபோனதை அவன் எழுதவில்லை,
சாப்பிட்டாயா என்று நான் எழுதவில்லை.
இத்தனை நாள் அதையெல்லாம்
அந்தக் கோடுகள்தாம் கேட்டுக்கொண்டிருந்தன போல.

மூன்றாம் இரவு, நாலு மணி.
பூட்டிய பெட்டிக்குள் ஒன்பது அழைப்புகள்.
ஒரு குரல்பதிவு:
விசிறி இரைச்சல்,
கிய், கிய்,
நகத்தால் சுவரைச் சுரண்டுவது போல ஒன்று,
அவன் மூச்சு, நெடுநேரம் அவன் மூச்சு,
கடைசியில் குசுகுசுவென்று:
நான் மூடியத் தொடல.

எட்டு மணிக்கு நான் உள்ளே வந்தபோதும்
வேலைக்குப் போகாமல்
படச்சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.
பிறந்தவை அழகாயில்லை.
பெயின்ட் காய்ந்த பிரஷ் போல ரோமம்.
வாத்துகள் படுத்திருக்க
கோழிகள் அவற்றின் தலைமேல் நடந்தன.
முதலாளி திட்டுவார், என்றேன்.
ம், என்றான்.
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

பத்து வாத்து, ஏழு கோழி.
ஞாயிற்றுக்கிழமை பாலேக் பூலா மலைவளைவுகளில்
அட்டைப்பெட்டி என் மடியில் வழியெல்லாம் கத்தியது.

ஒரு முட்டை மிச்சம்.
கீறலில்லை, சத்தமில்லை.
வெடிச்சா வீடே நாறும், தூக்கிப் போடணும் என்றான்.
ஆமாம் என்றேன்.
சமையல் மேடையில், துணியின் மேல்,
வட்டம் தெரிய வைத்துவிட்டு
வேலைக்குக் கிளம்பினேன்.

காலையில்
பெருக்கல் தெரிந்தது.